வழி விடுவது யார்?

கழக்கூட்டம் சந்திப்பை நாம் எல்லோரும் அறிவோம். ஊர்திகளின் நெரிசல் தாங்காமல் அங்கே மேம்பாலம் கட்டினார்கள். 2022இல் அது திறக்கப்பட்டது. ஆனால் ஓட்டுநரே இல்லாத நூறு வண்டிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும் சரக்குக் கிடங்கில் மேம்பாலத்துக்கு இடம் ஏது? அங்கே நெரிசலைத் தீர்க்க வல்லது விதி ஒன்றுதான். அந்த விதியின் இயல்பை மாணவர் யாவரும் அறிதல் நலம் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

2003இல் அமெரிக்காவில் தோன்றிய கீவா நிறுவனம், சரக்கு அலமாரியையே தூக்கிக்கொண்டு தொழிலாளியிடம் வரும் தட்டையான ரோபோ வண்டிகளைப் படைத்தது. 2012இல் அமேசான் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. நம் நாட்டில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2019இல் பெங்களூருவில் பொதிகளைத் தரம் பிரிக்க நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை ஓட விட்டது.

இத்தகைய கிடங்கின் தரையைச் சதுரங்கப் பலகை எனக் கொள்ளுங்கள். கட்டந்தோறும் ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். வண்டி தன் அடிவயிற்றுக் கேமராவால் அதைப் படித்துத் தான் நிற்கும் இடத்தை அறிகின்றது. ஒவ்வொரு கணமும் அதற்கு ஐந்து வழிகள் உண்டு: நான்கு திசைகளில் ஒன்றில் நகரலாம், அல்லது நிற்கலாம். பத்து வண்டிகள் இருந்தால் ஒரே கணத்துக்கு 97,65,625 வகைகள்! அடுத்த கணத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 95 லட்சம் கோடி. எல்லாவற்றையும் ஆராய்ந்து மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க எந்தக் கணிப்பொறிக்கும் பொழுது போதாது.

ஆகவே அறிஞர்கள் எளிய வழி ஒன்றை நாடினர். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் நம் ரயில்வே நெடுங்காலம் கையாண்ட முறையும் அதுவே. இரு நிலையங்களுக்கிடையே உள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே டோக்கன்தான் வெளிவரும். அந்த உருண்டை கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியை எடுக்கலாகாது. கிடங்கிலும் அவ்வாறே, வண்டி தன் முன்னுள்ள கட்டங்களை முன்கூட்டியே கேட்டுப் பெறுகின்றது. பெற்ற கட்டத்தில் மட்டுமே கால் வைக்கும். கடந்தபின் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இதனால் மோதல் ஒழிந்தது. முடக்கம் ஒழிந்ததா? நான்கு வண்டிகள் நான்கு கட்டங்களில் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்ததன் கட்டத்தைக் கேட்கின்றது. முன்னது விலகட்டும் என்று நான்கும் காத்திருக்கின்றன. நாள் முழுதும் காத்திருக்கும்! 1965இல் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா கணிப்பொறியில் கண்ட இதே நிலைக்கு, உயிர் வாங்கும் தழுவல் என்ற பொருள்படப் பெயரிட்டார். இதற்கு மருந்து ஒருவழிப் பாதை. அன்றியும், வெளியேறும் இடமும் உறுதியானால் அல்லாமல் நான்காம் வண்டியை வட்டத்துக்குள் விடாமை.

இன்னொரு முறை முன்னுரிமை. 1987இல் எர்ட்மன், லோசானோ-பெரெஸ் என்ற இருவர் இதனை ஆராய்ந்தனர். முதல் வண்டியின் பாதையை வகுத்துவிடு. இரண்டாவது அதற்கு ஒதுங்கி நடக்கட்டும். மூன்றாவது இவ்விரண்டுக்கும் ஒதுங்கட்டும். விரைவான முறைதான். ஆனால் முதல் வண்டி ஒரு குறுகிய சந்தின் வாயிலில் போய் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் கடைசி வண்டிக்கு விடிவு இல்லை. யாருக்கு முதலிடம் என்பதை அவ்வப்போது மாற்றிக்கொள்ளாத ஒழுங்கு, ஒழுங்காகாது.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி, மனிதன் அத்தளத்தில் கால் வைக்கும்போது எழுகின்றது. அவன் டோக்கன் வாங்கி நடப்பவன் அல்லன். கீழே விழுந்த பொதியை எடுக்கச் சட்டெனக் குனிவான். வண்டிகள் நின்றால் வேலை தாமதிக்கும். நிற்காவிட்டால் அவன் கால் நசுங்கும். எத்தனை அடி தூரத்தில் நிற்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. அது நாம் எழுதிக் கொடுக்கும் நீதி. ஐயம் தோன்றினால் வண்டி நிற்க வேண்டும். கட்டளை வரும் தொடர்பு அறுந்தாலும் நிற்க வேண்டும். வழி விடும் கடமை என்றும் இயந்திரத்துக்கே உரியது. இதுவே என் துணிபு.

நண்பர்களே! 1990இல் தோன்றிய டெக்னோபார்க் நம் அருகிலேயே இருக்கின்றது. நாளை நம்மில் சிலர் இத்தகைய விதிகளை எழுதும் மேசையில் அமரக்கூடும். மணிக்கு எத்தனை பொதி என்று அங்கே கேட்பார்கள். குனிந்து நிற்பவனுக்கு எத்தனை அடி என்று நாம் திருப்பிக் கேட்போம்!