பசு சினை நிற்காததற்குக் காளையின் வயதும் காரணம்

காளைக்குச் சேர்த்த பசு 21 நாள் கழித்து மறுபடியும் கத்தினால், குற்றம் பசுவின் மேல்தான் சுமத்தப்படுகிறது. மலடு என்று பெயர் வாங்கிச் சந்தைக்குப் போகும் பசுக்களும் உண்டு. காளையை யாரும் சந்தேகிப்பதில்லை. அது மதர்ப்பாக நிற்கிறது, பசுவைக் கண்டதும் தாவுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். மூன்று பருவம் தவறினால் 63 நாட்கள் பாலின்றித் தீனி போட வேண்டியிருக்கிறது. சிறு விவசாயிக்கு இது சிறிய நட்டம் அல்ல.

காளையின் விரையில் ஆண்மை இயக்குநீரைச் சுரக்கும் பகுதி வேறு, விந்தணுக்களை உண்டாக்கும் நுண்குழாய்கள் வேறு. வயது ஏறும்போது இந்த நுண்குழாய்கள் பழுதடைந்து நார்த்திசு படரலாம். அப்போதும் இயக்குநீர் சுரந்துகொண்டிருப்பதால் தாவும் வேகம் குறைவதில்லை. நல்ல காளை ஒரு தடவைக்கு 5 முதல் 8 மில்லி விந்து கொடுக்கும். ஒரு மில்லியில் சுமார் 100 கோடி விந்தணுக்கள் இருக்கும். வயதான காளையிலும் விந்தின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கலாம். ஆனால் நேராக நீந்தும் அணுக்கள் குறைந்து, வால் மடங்கியவையும் தலை கழன்றவையும் பெருகிவிடும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நுண்ணோக்கி வேண்டும்.

பொதுவாக 3 வயது முதல் 6 வயது வரை காளைக்கு நல்ல காலம். 7, 8 வயதுக்குப் பின் இறக்கம் தொடங்குகிறது. 10 வயதிலும் நல்ல விந்து தரும் காளைகள் உண்டு என்பதால், வயதை மட்டும் வைத்துக் கழித்துவிடுவது சரியன்று. பல் பார்த்து வயது சொல்வதும் கடை சேரும் வரைதான் எளிது. அதற்குப் பிறகு பல் தேய்மானத்தைக் கொண்டு குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்ப வேண்டாம்!

காளை வைத்திருப்பவர் ஒரு நோட்டில் பசு வந்த தேதியையும், அது திரும்பி வந்ததா என்பதையும் குறித்து வரவேண்டும். ஒரே பசு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு அந்தப் பசுவிடம் இருக்கலாம். பல வீட்டுப் பசுக்களும் திரும்பினால் காளையைத்தான் கவனிக்க வேண்டும். பத்துக்கு ஐந்தாறு பசுக்கள் முதல் தடவையிலேயே நின்ற ஊரில் இப்போது இரண்டு மூன்றுதான் நிற்கின்றன என்றால், கால்நடை மருத்துவரிடம் காளையைக் காட்டி விந்துப் பரிசோதனை செய்வது அவசியம். விந்தணு உருவாக ஏறக்குறைய 60 நாட்கள் ஆகும். சித்திரையில் அடித்த காய்ச்சலின் பாதிப்பு ஆனி வரை தெரியும். எனவே ஒரு பரிசோதனையோடு முடிவு கட்டாமல், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

விந்து நன்றாக இருந்தும் பின்னங்கால் மூட்டு வலியால் சரியாகத் தாவ முடியாத காளைகளும் உண்டு. கொழுத்த உடம்பும் வளர்ந்த குளம்பும் இதை அதிகப்படுத்தும்.

நோய்ப் பயமும் இருக்கிறது. வயதாக ஆக ஆண்குறி உறையின் மடிப்புகள் ஆழமாகின்றன. கருச்சிதைவை உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிரி அங்கே நிரந்தரமாகத் தங்கிவிடும். காளைக்கு ஒரு குறியும் தெரியாது; ஆனால் அது சேரும் பசுக்களுக்கெல்லாம் பரவும்.

செயற்கை முறைக் கருவூட்டலில் இந்தத் தொல்லை இல்லை. நல்ல வயதில் எடுத்த விந்து, கால் மில்லி குச்சி ஒன்றுக்குச் சுமார் 2 கோடி அணுக்கள் வீதம், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கப்படுகிறது. அங்கே அதற்கு வயது ஏறுவதில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தினர் 1968-இல் உறையவைத்த கிடாவின் விந்தை 56 பெட்டை ஆடுகளுக்குச் செலுத்தியதில் 34 ஆடுகள் சினையாயின. இது 2019-இல் வெளியான செய்தி. பசு காலையில் கத்தினால் மாலையிலும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையிலும் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

காங்கேயம் போன்ற நாட்டினங்களுக்குப் பொலிகாளை வைத்திருப்போர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரே காளை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஊரில் இருந்தால், தன் கிடேரிகளோடேயே சேர நேரும். இது கன்றுகளின் வளர்ச்சியைக் கெடுக்கும். நாட்டினக் கன்று பொலிகாளையாக மூன்றாண்டு தேவை. எனவே இருக்கும் காளை கடை சேரும்போதே, நல்ல பால்வளமுள்ள தாயின் காளைக்கன்று ஒன்றை வேறு ஊரிலிருந்து தேர்ந்தெடுத்துப் பசுந்தீவனமும் தாது உப்பும் கொடுத்து வளர்க்கத் தொடங்குவது நல்லது.