வேடம் பூணும் விளையாட்டு

வேடம் பூணுதல் தமிழருக்குப் புதிதன்று. வடதமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நடைபெறும் இரவுகளில், இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பர். அதன் பின்னே நின்று வேடக்காரர் விருத்தம் பாடுவார். பின்னர்த் திரை விலகும். கட்டியங்காரன் முன்வந்து, வந்திருப்பவர் யார் என்று வினவுவான். வேடக்காரர் தம் குலமும் ஊரும் பெருமையும் கூறித் தாம் இன்னார் என்று அறிவிப்பார். பகலெல்லாம் ஏர் பிடித்தவர் அந்நேரம் முதல் விடியும்வரை துரியோதனனாகவே நடப்பார். ஊராரும் அவரை அரசராகவே ஏற்றுக்கொள்வர்.

நாம் குடியேறி வாழும் இம்மலையாள நாட்டிலும் இம்மரபு உண்டு. கதகளியில் திரைக்குப் பின்னிருந்து பாத்திரம் மெல்ல மெல்லத் தன்னை வெளிப்படுத்தும் 'திரநோட்டம்' என்னும் பகுதியைக் கண்டவர் மறவார். கூடியாட்டத்திலோ, ஒரே நடிகர் உடையும் ஒப்பனையும் மாற்றாமலே பல பாத்திரங்களாக மாறிக் காட்டுவார். அதற்குப் 'பகர்ந்நாட்டம்' என்று பெயர். நம் நாடக மேடையிலே அவ்வையாராக நடித்து, 'அவ்வை' என்பதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட டி.கே. சண்முகம் அவர்களை அறியாத தமிழர் யார்? அவர் பெயரின் முதலெழுத்துக் குறிப்பது நம் திருவனந்தபுரத்தையே என்பதை எண்ணுந்தோறும் நமக்குப் பெருமிதம் உண்டாகிறது.

இத்துணையும் கூறியதற்குக் காரணம் உண்டு. விழிஞ்ஞத்திலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் குடும்பத்துப் பெற்றோர் பலர், "பையன் கணினியின் முன்னே உட்கார்ந்து யாரோடோ பேசுகிறான், தன்னை மந்திரவாதி என்கிறான், படைத்தலைவன் என்கிறான், இஃது என்ன பித்து?" என்று கவலையோடு கேட்கின்றனர். அது பித்தன்று. நம் கூத்து மேடை கம்பியில்லாக் கம்பி வழியே உலகமெங்கும் விரிந்திருக்கிறது; அவ்வளவே. அதனைச் செவ்வனே தொடங்குவது எப்படி என்பதை, புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் அடியேன், ஓய்வு நேரத்தில் கற்றும் ஆடியும் அறிந்தவாறு இங்கே கூறுகிறேன்.

தோற்றமும் வளர்ச்சியும்

1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதற்கு வேண்டியவை தாளும் பென்சிலும் பகடைகளுமே. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாக அக்கதைக்குள் புகுந்து பேசுவர். முயன்ற செயல் கைகூடிற்றா, இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் ஒரு கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தார். 'மட்' என்று பெயர் பெற்ற அவ்விளையாட்டில் படம் ஒன்றும் இல்லை, எழுத்து மட்டுமே. 'வடக்கே செல்' என்று தட்டினால், வடக்கே என்ன இருக்கிறது என்று கணினி எழுதிக் காட்டும். ஆனால், ஒரே நேரத்தில் பலர் அதே உலகில் நடமாடலாம் என்பதே அதன் புதுமை. அவ்விதையிலிருந்து 1997-இல் 'அல்ட்டிமா ஆன்லைன்', 2004-இல் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' முதலிய பெரு மரங்கள் தோன்றின. இவற்றில் மலையும் காடும் நகரமும் கண்முன்னே விரியும். உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர் அங்கே ஒருவரையொருவர் சந்திப்பர்.

இவ்வுலகங்களில் இரு வகையினர் உளர். அரக்கரை வென்று பொன்னும் படைக்கலமும் சேர்ப்பதே நோக்கமாகக் கொண்டவர் ஒரு வகையினர். அரக்கனை வெல்லாவிட்டாலும் பாதகமில்லை, நான் ஏற்ற பாத்திரமாக வாழ்ந்து பேச வேண்டும் என்போர் மற்றொரு வகையினர். இந்த இரண்டாம் வகையினருக்கென்றே சில விளையாட்டுகளில் தனிக் களங்களை ஒதுக்கி வைத்துள்ளனர். நாம் பேசப் புகுந்தது இவர்களைப் பற்றியே.

பாத்திரத்தைப் படைத்தல்

புதிதாகத் தொடங்குவோர் முதலில் செய்ய வேண்டியது, அவசரப்படாமல் சில நாள்கள் பார்வையாளராக இருத்தல். எவ்வூருக்குப் போனாலும் அவ்வூர் வழக்கத்தை அறிந்த பின்னரே வாய் திறப்பது நம் பெரியோர் காட்டிய நெறியன்றோ? களத்தில் பலர் கூடும் சத்திரங்களும் சந்தைகளும் உண்டு. அங்கே ஓரமாக நின்று, பிறர் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் கவனிக்க.

அடுத்துப் பாத்திரத்தைப் படைக்க வேண்டும். தொடக்கத்திலேயே அவனை அரச குமாரனாகவும், எவராலும் வெல்லப்படாதவனாகவும், பெற்றோரை இழந்த பேரழகனாகவும் படைப்பதே இளைஞர் பலருக்கு வழக்கம். அத்தகையவனோடு பிறர் பேசுவதற்கு ஒன்றும் இராது. குறையுடைய எளிய மனிதனே கதைக்கு உதவுவான். ஐந்து வினாக்களுக்கு விடை எழுதிக்கொண்டால் போதும்: அவன் ஊர் எது? பிழைப்பு யாது? எதனை விரும்புகிறான்? எதற்கு அஞ்சுகிறான்? எதனை மறைக்கிறான்?

எடுத்துக்காட்டு வேண்டின் வேறெங்கும் போக வேண்டா. நம் விழிஞ்ஞமே ஒரு கதைக்களம். ஆய் மன்னர் ஆண்ட துறைமுகம் இது. பாண்டியரும் பின்னர்ச் சோழரும் இதனை வென்றதாகச் செப்பேடுகள் கூறுகின்றன. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் குடைவரைக் கோயில் இன்றும் இங்கே நிற்கிறது. அதன் புறச்சுவரிலே முற்றுப்பெறாத சிற்பங்கள் காணப்படுகின்றன. 2025 மே 2-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட புதிய துறைமுகத்திலோ மலைபோன்ற கப்பல்கள் வந்து நிற்கின்றன. அச்சிற்பத்தை முடிக்காமல் உளியைப் போட்டுவிட்டுப் போன சிற்பி ஒருவன் என்று கற்பனை செய்க. ஏன் போனான்? எதற்கு அஞ்சினான்? இதோ ஒரு பாத்திரம் பிறந்துவிட்டது! அவனை எந்த மாயவுலகத்திற்கும் அனுப்பலாம்.

பெயரிடும்போது அவ்வுலகிற்குப் பொருந்துமாறு இடுக. தம் சொந்தப் பெயரை ஒருபோதும் இடாதிருக்க. ஆண் பெண்ணாகவும், இளைஞர் கிழவராகவும் பாத்திரம் ஏற்பது இங்கே இயல்பு. அவ்வையாராக நின்ற சண்முகத்தைக் கண்டு கைகூப்பிய நமக்கு இதில் வியப்பு என்ன?

பேசும் முறை

பாத்திரத்தின் செயலைப் படர்க்கையிலும், பேச்சைத் தன்மையிலும் எழுதுதல் பொது வழக்கம். காட்டாக:

"மீகாமன் நனைந்த கயிற்றைப் பிழிந்துகொண்டே, கரையில் நிற்கும் காவலனை ஏறிட்டுப் பார்க்கிறான். 'ஐயா, இரவு இத்துறையில் தங்க இடம் தருவீரா? காற்று மாறும்வரை எம் கலம் புறப்படாது.'"

இதனைப் படித்த மற்றவர், காவலனாக நின்று மறுமொழி எழுதுவார். இடம் தரலாம், மறுக்கலாம், கையூட்டுக் கேட்கலாம். அஃது அவர் விருப்பம். இவ்வாறின்றி, "மீகாமன் காவலனை ஒரே குத்தில் வீழ்த்தினான், காவலன் காலில் விழுந்து கதறினான்" என்று எழுதுவது பெரும் பிழை. நாம் குத்த முயன்றதைத்தான் நாம் எழுதலாம்; விழுவதா விலகுவதா என்பதைக் காவலனுக்குரியவரே எழுத வேண்டும். பிறர் பாத்திரத்தின் உடலும் உள்ளமும் பிறருக்கே உரியவை. இந்த ஒரு விதியைக் கற்றவன் பாதிக் கலையைக் கற்றவன் ஆவான்.

மற்றொரு விதியும் உண்டு. ஆடுபவர் அறிந்ததை எல்லாம் பாத்திரம் அறிந்ததாகக் கொள்ளல் ஆகாது. சத்திரத்தின் மாடியில் இருவர் சதி செய்வதைத் திரையில் நாம் படித்திருக்கலாம். கீழே சோறு உண்ணும் நம் மீகாமனுக்கு அஃது எப்படித் தெரியும்?

மூன்றாவது, வேடத்தையும் வேடக்காரரையும் வேறு பிரித்தல். பாத்திரமாக அன்றித் தம் சொந்தக் குரலில் ஏதேனும் சொல்ல வேண்டின், அதனை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவர். "அம்மா அழைக்கிறார், பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்பதும், "இக்காட்சி எனக்கு வருத்தம் தருகிறது, வேறு பக்கம் திருப்புவோம்" என்பதும் அவ்வாறு எழுதத்தக்கவை. கதையில் பகைவராக நிற்பவர் வெளியே நண்பராக இருத்தலே இதன் அழகு. கூத்து முடிந்ததும் துரியோதனனும் வீமனும் ஒன்றாக அமர்ந்து காப்பி குடிப்பதில்லையா?

ஒரு நார்வே நாட்டு இளைஞர்

விளையாட்டுத்தானே, இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்பாரும் உளர். அவர்களுக்கு மாட்ஸ் ஸ்டீன் என்னும் நார்வே நாட்டு இளைஞரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் டூஷேன் என்னும் நோயோடு பிறந்தவர் அவர். நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். இறுதிக் காலத்தில் விரல்களின் சிறிய அசைவே அவருக்கு எஞ்சியிருந்தது. நாளின் பெரும்பகுதியை 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் கழித்தார். 2014 நவம்பரில், தமது 25-ஆம் வயதில் மறைந்தார்.

நண்பர் ஒருவர்கூட இன்றித் தனிமையிலேயே மகன் வாழ்ந்து முடிந்தான் என்று பெற்றோர் கலங்கினர். மகன் எழுதிவந்த இணையப் பக்கத்தில் மரணச் செய்தியைத் தந்தை வெளியிட்டார். அதன் பின்னர், பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவியத் தொடங்கின. அவ்விளையாட்டில் இபெலின் என்னும் பெயரோடு அவர் ஒரு பாத்திரமாக வாழ்ந்திருந்தார்; 'ஸ்டார்லைட்' என்னும் குழுவில் பலருக்கு உற்ற நண்பராகவும் ஆறுதல் சொல்பவராகவும் விளங்கியிருந்தார். அக்குழுவிலிருந்த ஒரு தாய்க்கும் அவர் மகனுக்கும் இடையே இருந்த பிளவுகூட இபெலின் சொன்ன யோசனையால் ஆறியதாம். தம் நோயை நெடுங்காலம் அவர் அவர்களிடம் சொல்லவேயில்லை. அயல்நாட்டிலிருந்து சிலர் நேரே வந்து இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டனர். இவ்வரலாறு 2024-இல் ஆவணத் திரைப்படமாக வெளிவந்து, உலகெங்கும் பலரைக் கண்ணீர் விடச் செய்தது.

அன்புடைய பெற்றோர்தாம் அவர்கள். மகனைக் கண்ணின் மணியாகக் காத்தவர்கள். ஆயினும், "அங்கே நீ யார்?" என்ற ஒரு வினாவின் விடை, மகன் மறைந்த பிறகே அவர்களுக்குக் கிடைத்தது. இதனை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது.

நமக்கும் தமிழுக்கும்

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பேசுகின்றனர். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். வீட்டிலே தமிழ் 'சாப்பிடு', 'தூங்கு', 'கடைக்குப் போ' என்ற அளவிலே சுருங்கிவருகிறது. சினந்து பேசவும், மன்றாடவும், வணிகம் பேசவும், வாதிடவும் அவர்களுக்குத் தமிழில் வாய்ப்பு எங்கே? வேடம் பூணும் விளையாட்டு அவ்வாய்ப்பைத் தரும். படைத்தலைவன் பேசும் தமிழ் வேறு. பரதவப் பெண் பேசும் தமிழ் வேறு. முனிவர் பேசும் தமிழ் வேறு. பாத்திரம் வேண்டும்போது பிள்ளை தானே சொல்லைத் தேடி ஓடும். ஆத்தாளிடமும் தாத்தாவிடமும் வந்து கேட்கும்.

ஆதலின், தொடக்கத்தை வீட்டிலேயே செய்யலாம் என்பது என் கருத்து. செலவு ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பேடு, தாயக்கட்டை, மூன்று நான்கு பிள்ளைகள், கதை நடத்த ஒரு மாமா அல்லது அக்காள் இருந்தால் போதும். நாகர்கோவிலிலோ நெல்லையிலோ இருக்கும் அத்தை மக்களையும் சித்தப்பா மக்களையும் தொலைபேசி வழியே ஞாயிறுதோறும் சேர்த்துக்கொள்ளலாம். பிழைப்பின் பொருட்டுப் பிரிந்த உறவு கதையின் பொருட்டுக் கூடட்டுமே! பழகிய பின்னர், 'டிஸ்கார்டு' போன்ற செயலியில் தமக்குள் தனி அறை அமைத்துத் தமிழெழுத்திலேயே எழுதி ஆடலாம். பெரிய மாயவுலகங்களுக்கு அதன் பின்னர்ச் செல்லட்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

நெருப்பின்றிச் சோறு இல்லை. ஆயினும் நெருப்பைப் பிள்ளையிடம் தனியே விடுவதில்லை. முகமறியாதவர் கூடும் இடத்தில் தீயோரும் இருப்பர். சொந்தப் பெயர், பள்ளி, வீடு, ஒளிப்படம், வங்கிக் கடவெண் ஆகியவற்றை எவர் கேட்டாலும் தரலாகாது. 'இதனை வீட்டில் சொல்லாதே' என்று ஒருவர் சொன்னால், அவரோடு பேச்சை அந்நேரமே நிறுத்திவிட வேண்டும். பணம் பறிபோயின் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்கள் வேறு. அவற்றை 2025-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தடை செய்துள்ளது. அவற்றையும் இதனையும் ஒன்றாகக் கருதிக் குழம்ப வேண்டா.

கால அளவும் இன்றியமையாதது. உணவையும் உறக்கத்தையும் படிப்பையும் விழுங்கி, நிறுத்த இயலாமற் போகும் விளையாட்டுப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. புகைவண்டிக்குப் புறப்படும் நேரம் இருப்பதுபோலவே நிற்கும் நேரமும் உண்டு. இரவு இத்தனை மணிக்குத் திரை விழும் என்று பிள்ளையோடு கலந்து பேசி முடிவு செய்க. முடிவு செய்தபின் தளர்த்தாதிருக்க.

தடுத்துப் பயனில்லை, தள்ளி நின்று திட்டியும் பயனில்லை. கூத்திலே கட்டியங்காரன் இல்லையேல் அரசன் தன்னை அறிவிக்க வழியில்லை. அவ்விடத்தில் நின்று நாம் கேட்போம். "தம்பி, அவ்வுலகில் நீ யார்? உன் ஊர் எது? உன் தோழர் யாவர்?" என்று அன்போடு வினவினால், திரைக்குப் பின்னே நிற்கும் நம் பிள்ளை மகிழ்ச்சியோடு வெளியே வந்து பேசும். அப்பேச்சு தமிழிலேயே இருக்கும்.