ஆதிச்சநல்லூர் வெண்கல விலங்குகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள சட்டன் ஹூ என்னுமிடத்தில் 1939ஆம் ஆண்டு ஒரு மண்மேட்டை அகழ்ந்தபோது, ஏழாம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்ஸன் பிரபு ஒருவனுடைய ஈமப் பொருள்களினிடையே, பாம்புகளும் பறவைகளும் நாற்கால் விலங்குகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பொன் இடைவார்ப் பூட்டொன்று கிடைத்ததை உலகம் இன்றும் வியந்து பேசுகிறது. மாண்டோருடன் விலங்குருவம் தாங்கிய உலோகப் பொருள்களைப் புதைக்கும் வழக்கம், அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் தாமிரபரணிக் கரையிலும் இருந்தது என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

திருநெல்வேலிக்குக் கிழக்கே, 114 ஏக்கர் பரப்புள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் 1876இல் ஜெர்மானிய அறிஞர் ஜாகோர் முதன்முதல் அகழ்ந்தார்; பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ என்பவர் விரிவாக ஆராய்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்பு ஆயுதங்களும் வெளிவந்தன. எனினும், கலாரசிகரின் உள்ளத்தைக் கொள்ளை கொள்வன வெண்கலப் பொருள்களே. அகன்று வளைந்த கொம்புகளையுடைய எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டுப் பிராணிகளும், புலி, மான், யானை ஆகிய வனவிலங்குகளும், சிறகு விரித்த பறவைகளும் அப்பொருள்களுக்கு அலங்காரமாக அமைந்திருக்கின்றன.

இத்தகைய உலோக உருவங்களை வார்ப்பதற்கு மண்ணே ஆதாரம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மென்மையான வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, நெருப்பில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கும் பழைய முறை இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் உயிரோடிருக்கிறது. நீரில் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்க்கு இதன் சூட்சுமத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அச்சின் நேர்த்தியே உருவத்தின் நேர்த்தி என்பது இரு தொழிலுக்கும் பொதுவான தர்மம்.

சாக்ஸன் பொற்கொல்லன் தன் விலங்குகளைக் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத சித்திரப் பின்னலாக்கினான். நம் கன்னானோ தன் தொழுவத்திலும் காட்டிலும் கண்டவற்றை, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லத்தக்கவாறு சமைத்தான். இரண்டும் உயர்ந்த சிருஷ்டிகளே; ஆயினும், ஒன்றை ஏடுகளில் படித்து வியக்கும் நாம், மற்றொன்றை நேரில் காணாதிருப்பது முறையன்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருக்கின்றன. பட்டணம் செல்லும் ஒவ்வொருவரும் தம் குழந்தைகளை அழைத்துச் சென்று அவற்றை அவசியம் காட்டுதல் வேண்டும்.