உணர்வற்ற தேமல்! உறங்கலாமா, தோழனே?

பொழுது புலருமுன் போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமுகின்றன. ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, ஏலத்தோட்டம் சேர்கிறார்கள். அந்தி சாயும் நேரம் அலுத்துக் களைத்து இறங்குகிறார்கள். பறித்த காய்க்கு ஏலக்கூடத்தில் விலை கேட்கிறார்கள். பறித்த கையைக் கேட்பார் யார்?

அந்தக் கையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

கையிலே ஒரு தேமல். வெளிறியிருக்கிறது, அல்லது சற்றே சிவந்திருக்கிறது. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, வலி இல்லை. "வலித்தால் அல்லவா வைத்தியரிடம் போக வேண்டும்? ஒருநாள் கூலியை யார் தருவார்?" என்கிறான் தொழிலாளி. அங்கேதான் ஏமாறுகிறான்! தேமல் எல்லாம் தொழுநோய் அல்ல. ஆனால், தொட்டாலும் தெரியாத தேமல், சூடு பட்டாலும் உறைக்காத தேமல், தொழுநோயின் முதல் அடையாளம்.

கண்டறிவது கடினமா? இல்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொடுவார்கள்; தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். நல்ல தோலில் சரியாகக் காட்டியவன், தேமலில் தடுமாறினால் மருத்துவருக்குப் புரிந்துவிடும். முழங்கையிலும் முழங்கால் ஓரத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஐயம் இருந்தால், தோலைச் சிறிது கீறி எடுத்து நுண்ணோக்கியில் கிருமியைத் தேடுவார். காதுமடல் தடிப்பதும், காலிலிருந்து செருப்பு கழல்வது தெரியாமல் நடப்பதும்கூட எச்சரிக்கைகள்தாம்.

"முன்வினை! மூதாதையர் பாவம்!" என்று முணுமுணுப்போர் இன்றும் உண்டு. 1873ஆம் ஆண்டிலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் இந்தக் கிருமியைக் கண்டுவிட்டார். கண்ணுக்குத் தெரிந்த கிருமியை விட்டுவிட்டு, காணாத வினையைக் கட்டி அழலாமா?

மற்றவரை மட்டும் குறை கூறி மழுப்ப மாட்டேன். 1954இல் வெளிவந்த 'இரத்தக்கண்ணீர்' படத்தில் நடிகவேள் எம்.ஆர்.இராதா நடிப்பு நாடறிந்தது. அந்தக் கதையில், ஒழுக்கம் கெட்டவனைத் தொழுநோய் பிடிக்கிறது. ஆணவம் அழிந்தது கண்டு கைதட்டினோம். ஆனால், நோயைத் தண்டனையாக நினைக்கவும் பழகிவிட்டோமே! ஒழுக்கம் பார்த்து வருவதல்ல இந்த நோய். மருந்துண்ணாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்வோருக்கு, மூச்சின் வழியே கிருமி பரவுகிறது. அப்போதும் பெரும்பாலோருக்கு அதை எதிர்த்து நிற்கும் ஆற்றல் உடலிலேயே உண்டு.

"விரல் அழுகி உதிருமே!" என்பார்கள். கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டபின் கொதிக்கும் சட்டியும் தெரியாது, குத்திய முள்ளும் தெரியாது. ஆறாத புண்ணே விரலைக் குறைக்கிறது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் இதை விளக்கிக் காட்டினார். மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தியும் காட்டினார்.

அந்த நிலை வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனையில் அது இலவசம். தேமல் ஐந்து வரை என்றால் 6 மாதம். அதற்கு மேல் என்றாலோ, சோதனையில் கிருமி தெரிந்தாலோ 12 மாதம். மாதம் ஒருமுறை மருத்துவமனையில் விழுங்கிவிட்டு, மீதியை அட்டையாக வாங்கி வந்து அன்றாடம் வீட்டில் உண்ணலாம். சிறுநீர் சிவந்தாலோ தோல் கறுத்தாலோ அஞ்ச வேண்டாம். மருந்தின் நிறம் அது. ஆனால் தேமல் வீங்கினால், நரம்பு வலித்தால், கை கால் தளர்ந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடு. மருந்தை மட்டும் நிறுத்தாதே! மருந்து தொடங்கிய சில நாளிலேயே பிறருக்குப் பரவும் ஆற்றல் அற்றுப்போகிறது. வீட்டாரையும் சோதிப்பார்கள், நோயில்லாதவருக்குத் தடுப்பாக ஒரே வேளை மருந்தும் தருவார்கள்.

"ஒழிந்துவிட்டது" என்று 2005இல் சொன்னார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தது என்பதே அதன் பொருள். 2023இல் மட்டும் இந்தியாவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டனர்.

நோயாளியைப் பூட்டி வைக்கச் சொன்ன 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் உரிமை 2019இல் எடுபட்டது. சட்டம் திருந்திவிட்டது; ஜீப்பில் பக்கத்து இருக்கை திருந்தியதா? தேமலைச் சொன்னால் இடம் போகும், வேலை போகும் என்ற அச்சம்தான் தொழிலாளியின் வாயைக் கட்டுகிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பது மருத்துவர் வேலை அல்ல, நம் வேலை!

கிளைத் தோழர்களே! நாளை விடியலில் ஜீப் நிற்கும் இடத்துக்குச் செல்லுங்கள். தேமல் உள்ளவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் அதே ஜீப்பில், அவன் தோளோடு தோள் உரசி அமருங்கள். அவன் கை, நமக்கெல்லாம் சோறு தேடும் கை. அதைக் காப்போம்!