ஸ்கேனில் வெரிகோசீல் என்று வந்தால்

டீயைக் குடி தம்பி. அந்த ரிப்போர்ட்டை மடித்து வை, ஒவ்வொன்றாகப் பேசலாம். 'இடப்பக்கம் வெரிகோசீல்' என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதானே? நூறு ஆண்களைப் பரிசோதித்தால் ஏறக்குறைய 15 பேருக்கு இது இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெற்றவர்கள்தான். ஆனால் குழந்தை இல்லையென்று டாக்டரிடம் வரும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 35 முதல் 40 பேருக்கு இருக்கிறது. அதனால் பயந்து நடுங்கவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம்.

சிலருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறதே, அதே கோளாறுதான் இது. இடம் மட்டும் விரைப்பை. விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்களில் வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் ரத்தம் திரும்ப இறங்கித் தேங்கும், குழாய் வீங்கும். இடப்பக்கக் குழாய் நீளமானது. சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அழுத்தம் அங்கே அதிகம் என்பதால்தான் பெரும்பாலும் இடப்பக்கமே வருகிறது. வலப்பக்கம் மட்டும் வந்தாலோ, நடுவயதுக்கு மேல் திடீரென்று வந்தாலோ, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கட்டாயம் ஸ்கேன் பார்க்க வேண்டும். உன் விஷயம் அப்படியில்லை.

விந்தணு உருவாக உடம்புச் சூடு ஆகாது. இரண்டிலிருந்து நான்கு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். விரைக்கு இறங்கிவரும் சூடான ரத்தக்குழாயைச் சுற்றி, மேலேறும் குழாய்கள் வலையாகப் பின்னியிருக்கின்றன. அவற்றில் ஓடும் குளிர்ந்த ரத்தம் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாலை, டம்ளரோடு தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றுவார்களே, அந்த வேலைதான். கிண்ணத்துத் தண்ணீரே சூடாகிவிட்டால் பால் எப்படி ஆறும்? வெரிகோசீலில் நடப்பது இதுதான்.

சேதம் சூட்டோடு நிற்பதில்லை. ரத்தம் தேங்கும் இடத்தில் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகள் பெருகுகின்றன. விந்தணுவின் மேலுறை கொழுப்பால் ஆனது, சீக்கிரம் அரிக்கப்படும்; பழுதுபார்த்துக்கொள்ளும் வசதியும் அந்தச் சின்ன அணுவுக்கு மிகக் குறைவு. அதனால் எண்ணிக்கை குறையும், நீந்தும் வேகம் தளரும், வடிவம் கெடும். உள்ளே இருக்கும் டிஎன்ஏ இழை அறுபடுவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. எண்ணிக்கை சரியாக இருந்தும் கரு உருவாவதும் தங்குவதும் தாமதமாக அதுவும் ஒரு காரணம். சாதாரண விந்துப் பரிசோதனையில் அது தெரியாது. வெரிகோசீலை ஆண்மைக் குறைவு என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதே.

ஆபரேஷன் வேண்டுமா என்பதற்கு ஸ்கேன் மட்டும் போதாது. டாக்டர் கையால் தொட்டு உணரும் அளவு வீக்கம் இருக்க வேண்டும், விந்துப் பரிசோதனையிலும் குறை தெரிய வேண்டும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வீக்கத்துக்குக் கத்தி வைப்பதால் பயனில்லை. 1952-இல் எடின்பரோவில் டுல்லோக் என்ற டாக்டர், விந்தணுவே இல்லாத ஒருவருக்கு இந்த வீக்கத்தைச் சரிசெய்ததைப் பற்றி எழுதினார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நோயாளியின் மனைவி கருவுற்றிருந்தார். உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது மைக்ராஸ்கோப் வைத்து, தொடையிடுக்கில் சின்னதாகக் கீறி, வீங்கிய குழாய்களை மட்டும் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு விந்தணு தேறுகிறது, எல்லோருக்கும் அல்ல.

ஆனால் பொறுமை வேண்டும். ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும். இன்று நீ கொடுக்கும் மாதிரி, கடந்த மூன்று மாதத்தில் உடம்பு இருந்த நிலையைத்தான் காட்டும். போன மாதக் காய்ச்சல்கூட அதில் தெரியலாம். அதனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல், சில வாரம் விட்டு இன்னொன்று பார்த்துவிடு. சிகரெட்டை இன்றே விடு; அதுவும் அதே அரிப்பைத்தான் செய்கிறது.

அடுத்த முறை டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். உன் மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் அந்த ஆறு மாதமே பெரிது. காத்திருப்பதா, நேரே டெஸ்ட் டியூப் முறைக்குப் போவதா என்று அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்.