வரப்பு நடை – பயிருக்கும் நலம், உடலுக்கும் நலம்

ஏர் பிடித்த காலத்தில் உழவர் நாள் முழுதும் மாட்டின் பின்னே நடந்தார். இன்று டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது. மோட்டாரைச் செல்பேசி மூலம் வீட்டிலிருந்தே போடலாம். வயலுக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறோம். வேலைப்பளு குறைந்தது நல்லதே. ஆனால், உடல் அசைவும் உடன் குறைந்துவிட்டது.

நீரிழிவு நகரத்தாருக்கு மட்டும் வரும் நோயன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி, கிராமங்களில் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்கு நீரிழிவு உள்ளது.

அசைவு ஏன் தேவை?

தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலிலுள்ள இரத்தம் மேலேறுகிறது. நெடுநேரம் அமர்ந்திருந்தால் இவை மந்தப்படும். லண்டன் பேருந்துத் தொழிலாளர் பற்றி ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் செய்த ஆய்வு 1953இல் வெளிவந்தது. அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

எவ்வளவு நடக்க வேண்டும்?

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. சதுரமான ஒரு ஏக்கர் வயலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 250 மீட்டர். நான்கு சுற்று 1 கிலோமீட்டர். காலையும் மாலையும் 15 நிமிடம் சற்று விரைவாக நடந்தால், ஐந்து நாளில் 150 நிமிடங்கள் ஆகிவிடும்.

இந்நடையால் பயிருக்கும் பயன் உண்டு. எலி வளையும் நண்டு வளையும் கண்ணில் படும். நீர்க்கசிவை உடனே அடைக்கலாம். புகையான் தூரின் அடியில் தங்கும். ஆகவே, வயலுக்குள் இறங்கி நான்கைந்து இடங்களில் தூர்களை விலக்கிப் பாருங்கள்.

வேலையினூடே செய்ய வேண்டியவை

1. டிராக்டர் ஓட்டுவோர் மணிக்கு ஒரு முறையேனும் வண்டியை நிறுத்தி இறங்கி, ஐந்து நிமிடம் நடக்கவும்.

2. அருகிலுள்ள வயலுக்கு நடந்தே செல்லவும்.

3. நாற்று நடுவோர், களையெடுப்போர் குனிந்தே வேலை செய்பவர்கள். அவர்களுக்குத் தேவை கூடுதல் நடையன்று. அவ்வப்போது நிமிர்ந்து முதுகை நேராக்கி இளைப்பாறுவதே. அந்த நேரத்தை வீண் என்று எண்ண வேண்டாம்.

எச்சரிக்கை

நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் நடக்கலாகாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் தைத்ததும் தெரியாது. சிறு புண்ணும் பெரிதாகிவிடும். கடும் வெயிலிலும், பாம்பு நடமாடும் இருட்டிலும் வரப்பு நடை வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். முப்பது வயது கடந்தோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்நடைக்குச் செலவு ஏதுமில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கிப் பயன் பெறுங்கள்.