முகம் அறியும் மூளை

நந்தி மலைக்குச் சென்றோர் அங்குத் திரியும் குல்லாய்க் குரங்குகளைக் கண்டிருப்பர். பத்துக் குரங்குகள் வரிசையாக அமர்ந்திருந்தாலும் நமக்கு அவற்றின் முகங்கள் ஒன்றுபோலவே தோன்றும். இக்குரங்கினத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பெங்களூரு அறிஞர் அனிந்தியா சின்ஹா போன்றோர் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்பர். அது நெடுநாள் பழக்கத்தால் வருவது. ஆனால், குரங்கு முகங்களைப் பிரித்தறியும் ஆற்றல் 6 மாதக் குழந்தைக்குப் பயிற்சியின்றியே உண்டு.

இதனை 2002ஆம் ஆண்டு ஒலிவியே பாஸ்கலிஸ் குழுவினர் கண்டறிந்தனர். பேசத் தெரியாத குழந்தையிடம் வினாத் தொடுக்க இயலாதன்றோ? எனவே அதன் பார்வையையே விடையாகக் கொண்டனர். முதலில் ஒரு குரங்கின் முகத்தைக் காட்டினர். பின்னர் அதனோடு புதிய குரங்கு முகம் ஒன்றையும் அருகருகே காட்டினர். புதியதை நெடுநேரம் நோக்குவது குழந்தையின் இயல்பு. 6 மாதக் குழந்தைகள் புதிய குரங்கையே மிகுதியாக நோக்கின. 9 மாதக் குழந்தைகளும் பெரியவர்களும் அவ்வாறு நோக்கவில்லை. மனித முகங்களையோ அனைவரும் பிரித்தறிந்தனர்.

நாள்தோறும் காணும் முகங்களுக்கேற்ப மூளை தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. ஒலிகளிலும் இவ்வாறே நிகழ்கிறது: கேளாத மொழியின் நுண்ணொலி வேறுபாடுகள் முதலாண்டு முடிவதற்குள் மங்கத் தொடங்குகின்றன. லகர, ளகர, ழகரங்களில் தடுமாறும் மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

2009ஆம் ஆண்டு லிசா ஸ்காட் என்பவர் வெளியிட்ட ஆய்வு மேலும் சுவையானது. 6 மாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் குரங்குப் படநூல்கள் கொடுக்கப்பட்டன. மூன்று மாதங்கள் அவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டினர். சில நூல்களில் ஒவ்வொரு குரங்கிற்கும் தனிப்பெயர் இருந்தது. சிலவற்றில் எல்லாவற்றிற்கும் 'குரங்கு' என்னும் பொதுப்பெயரே இருந்தது. சிலவற்றில் பெயரே இல்லை. தனிப்பெயர் கேட்ட குழந்தைகளிடம் மட்டுமே 9ஆம் மாதத்திலும் அவ்வாற்றல் நிலைத்தது. கண்ணுக்குக் காட்டுவது மட்டும் போதவில்லை. பெயரிட்டு அழைத்ததே வேறுபாட்டைக் கவனிக்கச் செய்தது.

முகங்களையே காணாமல் வளரும் குழந்தையின் நிலை யாது? பிறவிக் கண்புரையால் பார்வை இழந்த சிறார் நம் நாட்டில் உள்ளனர். அவர்களுக்குச் சிகிச்சையளிக்கவும், அவர்கள் காணக் கற்பதை ஆராயவும் பவன் சின்ஹா 'பிரகாஷ்' திட்டத்தைத் தொடங்கினார். பார்வை பெற்ற தொடக்கத்தில் இச்சிறார் முகத்தையும் முகமல்லாத உருவத்தையுமே பிரித்தறிய இடர்ப்பட்டனர். சில மாதங்களில் அதனைக் கற்றுக்கொண்டனர். இச்செய்தி 2017இல் வெளியாயிற்று. ஆயினும் எல்லாம் மீள்வதில்லை. பிறந்து சில மாதங்களிலேயே கண்புரை நீக்கப்பட்டவர்கள்கூட, பல ஆண்டுகளுக்குப் பின்னரும், கண்களுக்கும் வாய்க்கும் இடையிலான தொலைவைக் கொண்டு முகங்களை வேறுபடுத்துவதில் பின்தங்கியிருந்ததை 2001இல் கனடா நாட்டு ஆய்வு காட்டியது.

குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாழ்த்தாது கண் மருத்துவரிடம் காட்டுமாறு கூறுவது இதனாலேயாகும்.